நேரலை

ஆயர் இல்லத்துச் சுற்றறிக்கை வந்த கிழமை
எங்கள் பங்குக்கும் ஒரு முகநூல் பக்கம் பிறந்தது.
ஆருக்கு உது தெரியும் என்று சுவாமி கேட்க,
கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
வங்கியில் வேலை செய்கிறவளுக்கு
கம்பியூட்டரில் தெரியாதது இல்லை என்பது
குருநகரில் ஒரு விசுவாசம்.

முக்காலிக்குக் காசில்லை.
மூன்றாம் தூணில் கைபேசியை
றெக்சன் வலைநூலால் கட்டினான்.
கடலில் எறிஞ்சாலும் அவிழாது, அக்கா.
அவிழவில்லை.
ஆனால் கச்சான் எழும்பினால்
முழுப் பூசையும் மெல்ல ஆடும்,
நங்கூரத்தில் நிற்கிற வள்ளம் போல.

ஐந்தரைப் பூசைக்குக்
கோயிலுக்குள் இருபத்தேழு பேர்,
கைபேசிக்குள் ஒன்பது பேர்.
லாச்சப்பலில் பாத்திரம் கழுவி முடித்து
இரவு இரண்டு மணிக்கு வருகிற பயஸ்.
ரொறன்ரோவில் இன்னும் நேற்று;
நேற்றில் இருந்துகொண்டு
இன்றைய நற்செய்தி கேட்கிறது ஒரு குடும்பம்.
சமாதானம் பரிமாறும்போது
ஒன்பது கும்பிடு பொம்மைகள் மிதந்து வரும்.
நான் தூணுக்குத் தலையசைப்பேன்.
பக்கத்திலிருப்பவர்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள்.

பயிற்சிப் பட்டறையில் சொல்லித் தந்தார்கள்:
வெளிச்சம் முன்னாலிருந்து வரவேணும்,
மறையுரை எட்டு நிமிடம்,
தேவையில்லாத காட்சிகளை வெட்டிவிடுங்கள்.
எழுதிக்கொண்டேன்.
எங்கள் கோயிலில் வெளிச்சம்
பீடத்துக்குப் பின்னாலிருந்துதான் வரும்.
மறையுரை பற்றி
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணியில் மெற்றில்டா அக்கா செத்துப்போனா.
பயசின் தாய்.
விசா இல்லாத பிள்ளை,
உணவகக் குசினியில் வேலை நேரம்,
சட்டியில் சாய்த்துவைத்த திரையில்
அடக்கப் பூசை பார்த்தான்.
பாதியில் ஒரு வரி வந்தது:
கொஞ்சம் இடப்பக்கம் திருப்பேலுமோ?

பெட்டி நடுவில் இருக்கிறது.
இடப்பக்கம் என்ன இருக்கிறது?
பிறகுதான் விளங்கியது.
பெண்கள் பக்கம், நான்காம் வாங்கு, ஓரம்.

எழும்பிப் போய் முடிச்சை இழுத்தேன்.
நகத்தால் கிண்டினேன்.
பல்லால் கடிக்க நினைத்தேன், சுவாமி பார்த்தார்.
கடலில் எறிந்தாலும் அவிழாத முடிச்சு.
மன்னிக்கவும் என்று எழுதவும் வழியில்லை;
எழுதுகிற கருவியும் தூணோடு.

பெட்டி தூக்கினார்கள். பாட்டு. குடைகள்.
சேமக்காலை வரைக்கும் நடந்து,
மண் போட்டு, கை கழுவும்போதுதான்
எனக்கு ஞாபகம் வந்தது.

ஓடி வந்தேன். ஐம்பத்து மூன்று நிமிடம்
வெறும் கோயில் ஒளிபரப்பாகியிருக்கிறது.
சங்கிலித்தாம் அலோசியஸ்
சட்டையைத் திறந்துவிட்டபடி
பூவிதழ் பெருக்குகிறார்.
ஒரு நாய் வருகிறது, திட்டு வாங்குகிறது, போகிறது.
மின்விசிறி கிறீச்சிடுகிறது.
புதுமை என்று நான் எழுதமாட்டேன், கச்சான்தான்:
படம் இடப்பக்கம் ஆடி
நான்காம் வாங்கின் ஓரத்தைத் தொட்டுத்
திரும்புகிறது. மறுபடி ஆடுகிறது.

அறுபத்து நான்கு பேர்.
ஒருவரும் போகவில்லை.

மறுநாள் ஆயர் இல்லத்துத் தம்பி தொலைபேசியில்:
அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிடுங்கோ, மிஸ்.
சரி என்றேன்.
கத்தரிக்கோல் படத்துக்கு மேலே விரல்.
பயஸ் அதை எத்தனை தரம் பார்த்தான் என்று
கணக்குக் காட்டுகிற வசதி அதில் இல்லை.
விரலை எடுத்தேன்.

சூரிச்சிலிருந்து யாரோ காசு அனுப்பினார்கள்,
முக்காலிக்கு என்று.
வாங்கினோம். இப்போது படம் ஆடாது.
ஆனால் இறுதி ஆசீருக்குப் பிறகும்
நான் நிறுத்துவதில்லை,
கடைசி யன்னல் சாத்தும் வரைக்கும்.

சுவாமிக்கு இன்னும் தெரியாது.
அலோசியசுக்குத் தெரியும்.
பெருக்க வரும்போது அவர் இப்போது
சட்டைப் பொத்தானை எல்லாம் பூட்டிக்கொள்கிறார்.