நிகர மாற்றம்: சுழி

பட்டியலில் நாற்பத்தொரு நிறுவனங்கள்.
சென்னையிலிருந்து வந்த தாளில்
ஒவ்வொன்றுக்கும் பத்து இலக்கத்தில் ஒரு பெயர்,
எதிரே எனக்கென்று ஒரு வெற்றுக் கட்டம்.
உயிரோடிருந்தால் 1.
செத்திருந்தால் 2.
ஆளையே காணோமென்றால் 9.

இரண்டு நிதியாண்டு சரக்கு ஏற்றாதது இறப்பு.
முதல் கப்பல் ரசீது பிறப்பு.
இடையில் நின்று மூச்சு வாங்குவதற்குக்
குறியீடு கிடையாது.

பெட்ஃபோர்டில் இறங்கும்போது
மேகம் கடைப்பலகைகளைத் தின்றிருந்தது.
கதவில் மூக்கு உரசுமளவு போய்த்தான்
ஒவ்வொரு பெயரையும் படிக்க முடிந்தது.

முதலாவது, கார்னேஷன்.
நாற்று ஹாலந்திலிருந்து வரும்,
பூ துபாய்க்குப் போகும்.
குடிலின் பிளாஸ்டிக் கிழிந்து
யாரையோ கூப்பிடுவதுபோல் அடித்துக்கொண்டிருந்தது.
உள்ளே பீட்ரூட் போட்டிருந்தார்கள்.
2 என்று எழுதினேன்.
பீட்ரூட் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்தது தேயிலைத் தூள், மாடியில்.
உரிமையாளர் சவரிராயன்
போன ஆவணியில் இறந்துவிட்டார்.
மாலை போட்ட படத்துக்குக் கீழே
பிரிண்டர் சரக்குச் சீட்டைத் துப்பிக்கொண்டிருந்தது.
"அவர் போனதுக்கப்புறம் மூணு கண்டெய்னர் போயிருக்கு"
என்றாள் மருமகள் ரெஜினா,
கண்ணைத் துடைக்காமல், ஸ்டேப்ளரைத் தேடியபடி.
1.

கட்டபெட்டு வளைவுக்கு மேலே
தைலம் காய்ச்சும் சேவணன்.
பால் இல்லாத டீ கொடுத்தார்.
"மார்செய்லுக்கு நாலு வருஷம் அனுப்பினேங்க.
அப்புறம் சீனத்து எண்ணெய்
பாதி விலைக்கு இறங்கிடுச்சு.
பாத்தேன். நானும் அதையே வாங்க ஆரம்பிச்சிட்டேன்."

கொதிகலன் ஆறிக் கிடந்தது.
அதற்குள் பூனை குட்டி போட்டிருந்தது, மூன்று.
கூரையடியில் நீல டிரம்கள்,
எனக்கும் அவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தோடு.
ஊட்டி பார்க்க வருகிறவர்களுக்காக
சீசாவில் ஊற்றி லேபிள் ஒட்டுகிறார்:
நீலகிரித் தைலம்.

நான் லேபிளைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.
"பொய்யில்லங்க.
எந்த ஊர்ல காய்ச்சினாலும்
தமிழ்ல அதுக்குப் பேரே அதுதானே?
மரமே கப்பல்ல வந்து இறங்கினதுதானே?"

பேனா தாளின்மேல் நின்றது.
ஏற்றுமதிப் பட்டியலில் இறப்பு ஒன்று.
இறக்குமதிப் பட்டியலில் பிறப்பு ஒன்று.
அதே ஆள், அதே கூரை,
அதே பத்து இலக்கம்,
தொண்டையில் ஏறும் அதே காரம்.
கழித்தால் சுழி.
ஆண்டறிக்கையில் இந்த மலைச்சரிவு
அசையாமல் நிற்கும்.

"இலை பொறுக்கினவங்க?" என்று கேட்டேன்.
படிவம் கேட்கச் சொல்லாத கேள்வி.
பதினொரு பேர். எல்லோரும் பெண்கள்.
எந்தப் பதிவேட்டிலும் சேர்ந்ததில்லை,
அதனால் எதிலிருந்தும் நீங்கவுமில்லை.
தெய்வானை திருப்பூரில் பனியன் மடிக்கிறாள்.
புஷ்பராணி கேரட் கழுவும் மெஷினில்.
ராக்கு என்ன ஆனாள் என்று அவருக்குத் தெரியவில்லை.
மற்ற எட்டுப் பெயர்களையும்
விரல் மடக்கி மடக்கிச் சொன்னார்,
ஒன்றை இரண்டு முறை.

ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.
ஓரத்தை ஸ்கேனர் படிக்காது.

மாலையில் மேலதிகாரி போனில் வந்தார்.
"ஒன்பது எத்தனை தேறும்?"
"இன்னும் இல்ல சார்."
"ஒண்ணுகூடவா? மலைல பாதி ஆளு காணாமத்தான போயிருப்பான்?"
ராக்குவை நினைத்தேன்.
அவள் நிறுவனம் இல்லை.

இன்னும் முப்பத்தெட்டுக் கதவு பாக்கி.
ஊட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
சேவணன் வேண்டாமென்றும் திணித்த சீசா
பைக்குள் கசிந்து
படிவத்தின் மூலையில் எண்ணெய் ஏறியிருந்தது.
அங்கே மட்டும் தாள் கண்ணாடியாகி
அடுத்த பக்கத்தின் கட்டம் தெரிந்தது.

பக்கத்து இருக்கைக்காரர் மோந்து பார்த்துவிட்டு
"சளியா சார்?" என்றார்.

ஆமாம் என்றேன்.