வழுவமைதி

டுப்ளிகேஷன் வீதி, ஆறாம் மாடி.
ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டபடி
நாளைக்கு எட்டு மணித்தியாலம் விளையாடுகிறேன்.
அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.
அம்மா இன்னும் நம்பவில்லை.

எந்த நாட்டிலோ யாரோ செய்த விளையாட்டு;
வழு பிடிப்பது என் வேலை.

முதல் கிழமை எழுதினேன்:
வீரன் முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைகிறான்.
அலுமாரியைத் திறக்கிறான். பானையை உடைக்கிறான்.
உடைந்த பானைக்குள் பதினேழு பொற்காசு.
எடுத்துக்கொள்கிறான்.
வீட்டுக்காரி அடுப்படியில் நின்றபடி
"இன்றைக்கு நல்ல காற்று" என்கிறாள்.
திருப்பிக் கேட்டாலும்
இன்றைக்கு நல்ல காற்று.

தினூஷ என் பொறுப்பாளன். ஒரு வரியில் மூடினான்:
வழு அல்ல. இப்படித்தான்.

விட்டேனா.
ட்ராகனின் கழுத்தை அறுத்தவனுக்கு
முழங்கால் உயரப் படலையைத் தாண்டத் தெரியவில்லை,
சாவி தேடி மூன்று ஊர் அலைகிறான் என்று எழுதினேன்.
ஓநாயை வெட்டினால் சில்லறை கொட்டுகிறது,
ஓநாய் எந்தக் கடையில் மாற்றியது என்று கேட்டேன்.
தொண்ணூற்றொன்பது வாள், நாற்பது கேடயம், ஒரு படகு,
எல்லாம் இடுப்புப் பைக்குள்.
நூறாம் நம்பர் பஸ்ஸில் ஒற்றைக் குடையோடு
நான் படும் பாடு அவனுக்கு எங்கே தெரியும்.

வானத்தில் நெருப்புக் கோளம் தொங்குகிறது.
நாளைக்கு உலகம் முடிகிறது என்று அரசன் அழுகிறான்.
இவன் முந்நூறு நாள் குளக்கரையில் தூண்டில் போடுகிறான்.
கோளம் பொறுமையாக நிற்கிறது.
அரசனையும் குறை சொல்லத்தான் வேண்டும்:
உலகைக் காப்பாற்று என்று கொடுத்தது
ஐம்பது காசும் ஒரு தடியும்.
ஏழு இடத்தில் வெட்டு விழுந்தாலும்
சத்திரத்தில் ஓர் இரவு படுத்தெழும்பினால்
தழும்புகூட இல்லை.

வழு அல்ல.
வழு அல்ல.
வழு அல்ல, வாகீசா, வீட்டுக்குப் போ.

பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது.
பசுவைப் பார்த்து 'அம்மா வந்தாள்' என்றால் திணை வழு.
பாசத்தில் சொன்னால் வழுவமைதி.
பிழைதான்; எல்லோரும் சம்மதித்த பிழை.
என் ஓட்டைச் சிங்களத்தில் தினூஷவுக்கு விளக்கினேன்.
"அதைத்தானே நானும் மூன்று மாதமாய்ச் சொல்கிறேன்" என்று
பிளேன்டீ வாங்கித் தந்தான்.
நல்லவன்.

எனக்கு ஆறு வயது. வெள்ளவத்தை, ஹம்டன் லேன்,
இரவு இரண்டு மணி.
முன்பின் தெரியாதவர்கள் உள்ளே வந்தார்கள்.
கதவைத் தட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.
அலுமாரியைத் திறந்தார்கள்.
அரிசி வாளிக்குள் கைவிட்டுத் துழாவினார்கள்.
அம்மா சுவரோடு நின்று ஒரே வரியைச் சொன்னா:
"பொலிஸ் பதிவு இருக்கு, சேர்."
எத்தனை பேர் இங்கே?
பதிவு இருக்கு, சேர்.
இந்தப் பெட்டிக்குள் என்ன?
பதிவு இருக்கு, சேர்.

அப்பாவை ஏற்றிப் போய் மூன்றாம் நாள் விட்டார்கள்.
அது சத்திரம் இல்லை.
பிறகு எத்தனை இரவு படுத்தெழும்பினார்,
வலது தோள் இன்றுவரை
சட்டைக்குள் நேராய்ப் போகாது.
மேல்மாடி ஆன்ட்டி வந்து
தலையணைகளை உறைக்குள் திணித்துக் கொடுத்தபடி
அம்மாவிடம் சொன்னா:
இப்படித்தான்.

இதைத் தினூஷவிடம் சொல்லவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வழு எண் 2217 ஐத் திரும்பத் திறந்தேன்.
காசு இருக்கட்டும், பானை உடையட்டும்.
வீட்டுக்காரிக்கு இன்னொரு வரி வேண்டும்.
என்ன வரி என்று கேட்டான்.
தெரியவில்லை, யோசிக்கிறேன் என்றேன்.
அவன் மூடவுமில்லை, மேலே அனுப்பவுமில்லை.

நேற்று மத்தியானம்
வீரனை அவள் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுச்
சாப்பிடப் போனேன்.
கொத்து ஆறிப்போயிருந்தது, மெதுவாகத்தான் சாப்பிட்டேன்.
திரும்பி வந்தபோதும் நின்றான்,
அத்தனை வாளோடும்,
மூச்சு வாங்கிக்கொண்டு.