ஐந்து அங்குலம் தள்ளி

வேலி ஏற்கெனவே இருந்தது.
கார்ஸ்டன் போட்டது. என்னோடு பேசாமலிருந்த ஒரு கோடையில்
அறுபத்திரண்டு தேவதாருத் தூண்கள்,
ஒவ்வொன்றுக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்து.
பிறகு மிசூலாவுக்குப் போய்விட்டான்.
வேலியைக் கொண்டுபோகவில்லை.

கோழி வெளியே போகாமலிருக்கப் போட்ட வேலி.
உள்ளே எது வரும் என்று
அந்தக் கோடையில் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் வந்தது.
வலையை ஆரஞ்சுத் தோல்போல் உரித்திருந்தது, ஒரே இழுப்பில்.
எட்டுக் கோழி. மிச்சம் வைத்தது மஞ்சள் கால்களை மட்டும்.

"தோட்டா மலிவு" என்றார் பக்கத்து நிலத்து வெர்லின்.
அவர் கணக்கில் எல்லாமே மலிவு,
நான் கொடுக்கும் முட்டை உட்பட.

வனத்துறையிலிருந்து டெஸ்ஸா குவாமி வந்தாள்,
கம்பிச் சுருளும் சூரியப் பலகை வைத்த பெட்டியுமாக.
"பெண் கரடி. மூன்று வயசுதான்.
கோழி ருசி பழகிவிட்டால் எனக்கு வேறு வழியில்லை" என்றாள்.
வேறு வழி
வண்டியின் பின் இருக்கையில்
நீளமாக, உறைக்குள் கிடந்தது.

பழைய வேலியைப் பிடுங்க வேண்டாமாம்.
தூணிலிருந்து ஐந்து அங்குலம் வெளியே நீளும் கறுப்புக் கொக்கிகள்,
அவற்றில் கம்பி: கணுக்கால், முழங்கால், இடுப்பு.
"மூக்கு எங்கே வரும் என்று யோசியுங்கள்."
நாலு காலில் நின்று பார்த்தேன்.
அந்த உயரத்திலிருந்து
கோழிக்கூட்டைவிட என் வீடு
சுலபமாகத் தெரிந்தது.

தூண்கள் ஒரு நூல் பிசகவில்லை.
கொக்கி திருகத் திருக அவனைத் திட்டினேன்,
நடுநடுவே மெச்சவும் செய்தேன்.
இரண்டும் அதே மரத்துக்குள் போயின.

நிலக்கம்பிதான் பாடாய்ப்படுத்தியது. மூன்றடியில் பாறை.
காய்ந்த மண்ணில் மின்சாரத்துக்குத் திரும்பி வர வழி தெரியாதாம்.
தினமும் சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறேன்.
"என்ன முளைக்கும்?" என்று கேட்டார் வெர்லின்.

கடைசியில் கடலை வெண்ணெய்.
அலுமினியத் தாளில் தடவிக் கம்பியில் மடித்துத் தொங்கவிடவேண்டும்.
ரோமத்தில் பட்டால் உறைக்காது.
நாக்கில் படவேண்டும்,
ஆசைப்பட்டு நீட்டும்போது.
கேட்டதும் எனக்குக் கை ஓடவில்லை.
இருந்தாலும் கடையில் உயர்ந்த ரகமாகத்தான் எடுத்தேன்.
ஏமாற்றுவதென்று ஆன பிறகு
அதில் என்ன கஞ்சத்தனம்.

முதலில் மாட்டியது நான்.
விடிகாலை, ஈரக் காலணி, தீவன வாளி, பாதித் தூக்கம்.
முழங்கையில் உலக்கை விழுந்ததுபோல் இருந்தது.
மடி நிறையச் சோளத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.
கம்பிக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த ஆறு கோழிகளும்
தாமதத்துக்காக என்னைத் திட்டின.

ஒன்பதாம் இரவு அது வந்தது.
நான் பார்க்கவில்லை.
டிக், டிக் என்று ஓடிக்கொண்டிருந்த பெட்டி
ஒரு துடிப்பு இடறியது.
சூடு தெரியாமல் பாலை வாயில் வைத்த குழந்தைபோல்
ஒரு சத்தம்.
அப்புறம் சுள்ளிகள் முறிந்துகொண்டே போயின, ஓடைவரை, ஓடை தாண்டி.

காலையில் தாளில் நாக்கு வழித்த தடம்,
கொக்கியில் நாலு பழுப்பு முடி,
பாதை நெடுகப் பயந்து கழிந்தது.
குச்சியால் கிளறினேன்: நெல்லி விதைபோல் ஏதோ காட்டுப்பழ விதைகள்.
இறகு இல்லை.

டெஸ்ஸாவுக்குப் போன் போட்டேன்.
"எந்தப் பக்கம் ஓடிற்று?"
"மலைப்பக்கம்."
மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, "தாளை மாற்றி வையுங்கள்" என்றாள்,
"இன்னொரு தடவை வந்து பார்க்கும்."

இருட்டுவதற்குள் ஒரு பச்சைப் புல்லைக் கிள்ளி
அதன் நுனியைக் கம்பியில் வைக்கிறேன்.
விரலில் லேசாகத் தட்டுகிறது.
மறுபடி தட்டுகிறது.
வெண்ணெய் ஒட்டிய விரலை
நக்கப்போனவள்
கம்பியை ஒருமுறை பார்த்துவிட்டு
கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறேன்.