மோதிரவிரலில் பாதி

இரவு இரண்டு மணிக்கு நோல்ஃபா கையை உதறுவாள்,
கட்டிலுக்கு வெளியே, ஈரத்துணியை உதறுவதுபோல.
முதல் மாதம், தூக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன்.
காது கேளாதவளோடு பதினெட்டு வருடம் வாழ்ந்தவனுக்கு
கை அசைந்தால் சொல் என்றுதான் தோன்றும்.
விளக்கைப் போட்டு, என்ன என்றேன்.
மரத்துப்போச்சு, என்றாள் இடது கையால்.

சோன்ச்சியில் சிப்பி ஆலை.
சிப்பியின் வாயில் கத்திமுனை, ஒரு திருப்பு, ஒரு சுரண்டல்,
அடுத்தது.
எத்தனை என்று அவள் எண்ணுவதில்லை.
தராசு எண்ணும்.

எங்கள் வீட்டில் என் பெயர்
கட்டைவிரல் இரண்டு விரல்நுனிகளைத் தேய்ப்பது,
பலகையில் மாவு தூவுகிற மாதிரி.
ரொட்டி சுடுகிறவனுக்கு அவள் வைத்த பெயர்.
ஜூலை மழையில் அது குழறத் தொடங்கியது.
நாக்கு குழறும் இரண்டு பேர்
குடித்துவிட்டு தினமும் என் கடைக்கு வருவார்கள்.
கை குழறிப் பார்த்தது அப்போதுதான்.
மாவு தூவ வேண்டிய இடத்தில்
ஒட்டிய எதையோ வழித்துப் போடுவதுபோல் ஓர் அசைவு.
அதுதான் நான்.

ஆலை மேற்பார்வையாளன் ஓயார்சோவின் பெயர்
சுண்டுவிரல், இரண்டு தடவை.
அது மட்டும் கடைசிவரை பிசகவில்லை.

காஸ்த்ரோ ஆஸ்பத்திரியில் டாக்டர் எகானா படம் போட்டுக் காட்டினார்:
மணிக்கட்டில் ஒரு குகைப்பாதை,
ஒன்பது தசைநார்கள் நெருக்கியடிக்க,
காலை ஏழு மணி பஸ்ஸில் மாட்டிக்கொண்டதுபோல ஒரு நரம்பு.
கட்டை, ஆள்காட்டி, நடு, மோதிரவிரலில் பாதி
இதன் வட்டாரம்.
சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, வேறு வழி.
நான் கையால் சொன்னேன். நோல்ஃபா சிரித்தாள்:
ஓயார்சோவுக்குத் தனி ரோடா?
டாக்டரிடம் அதை நான் சொல்லவில்லை.

அறுவைசிகிச்சைக்கு வரிசை பதினான்கு மாதம்.
ஊசி இன்றைக்கே.
ஸ்டீராய்டு, கூடவே கொஞ்சம் மரப்பு மருந்து.
வீக்கம் வடியும்.
சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு,
திரும்ப வரலாம், என்றார்.
'லாம்' என்பதற்கு உள்ளங்கையை இப்படியும் அப்படியும் புரட்ட வேண்டும்.
நாலு தடவை புரட்டினேன்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்க்கச் சொன்னார்.
மணிக்கட்டில் ஒரு நார் எழுந்தது, இழுத்துக் கட்டிய கொடிக்கயிறாக.
அதன் ஓரம் மையால் ஒரு புள்ளி.
விரலில் ஷாக் அடித்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள்.
வலது கையை அசைக்கவே கூடாது.
இடது கையை என்னிடம் கொடுத்தாள்: ஷாக் என்றால் அழுத்துவேன்.
என் ஒரு கையும் அதற்குள் போய்விட்டது.
ஊசி இறங்கும் நேரம்
எங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை.
டாக்டர் மட்டும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.
அவள் அழுத்தவில்லை.
நான்தான் அழுத்தினேன்.
திரும்பிப் பார்த்தாளே ஒரு பார்வை.

முதல் இரண்டு நாள் வலி கூடிப்போனது.
கூடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்,
நான் கையில் எடுத்துச் சொல்ல மறந்திருந்தேன்.
இடது கையாலேயே திட்டினாள்.
ஒரு கையால் திட்டினால் பாதித் திட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.
ஆலையில் மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள்.
சாப்பாட்டு மேசையில் நான் ரொட்டியை வெட்டிக் கொடுத்தேன்,
தடிமனாக வெட்டினேன் என்று அதற்கும் ஒன்று.

ஐந்தாம் இரவு இரண்டு மணிக்குப் பழக்கத்தில் விழித்தேன்.
கட்டிலுக்கு வெளியே கை இல்லை.
தகரக் கூரையில் மழை, அவளுக்கு அது இல்லை.
அடுப்புக் கதவின் இடுக்கிலிருந்து வந்த சிவப்பில்
போர்வைமேல் கிடந்த கையைப் பார்த்தேன்.
இவ்வளவு சும்மா இருக்கிறதே என்று பயமாக இருந்தது.
பிறகு விரல்கள் அசைந்தன.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
மாவு விழும் என்று.

கிலோ எத்தனை, என்று யாரிடமோ கேட்டாள்.
சுண்டுவிரல் இரண்டு தடவை எழுந்தது.
அப்புறம் ஒரு கெட்டவார்த்தை,
கட்டை, ஆள்காட்டி, நடு எல்லாம் சேர்ந்து,
ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல்.