நாலுக்கு ஆறு

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு, சிம்மக்கல் சந்தில்
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வந்தான் தவசி.
"நாலுக்கு ஆறு, ஒன்னு.
விடியக்குள்ள செல்லூர் முக்குல கட்டணும்."
அப்பா. சோணைமுத்து. வயது அறுபத்து மூன்று.
பரவை மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கியவர்.

அவன் செல்லில் இருந்த படங்கள் இரண்டு.
ஆதார் அட்டை: அதில் இருப்பது யார் முகமும் இல்லை.
இன்னொன்று ஏதோ கல்யாணப் பந்தியில்,
பிளாஷ் அடித்த நொடியில் கண்ணை மூடிவிட்டார்.
வேறு இல்லையா என்றேன்.
"அவுக நின்னு போட்டோ புடிச்சதில்லக்கா."

முதலில் செல்போன் ஆப்பில் போட்டேன், பின்னணியை அழிக்க.
மூன்றே விநாடி.
பக்கத்து இலைக்காரரை, சாம்பார் வாளியை, சீரியல் பல்பைத் துடைத்தது.
கூடவே இடது காதையும் தின்றுவிட்டது.
அவசரத்துக்கு அது. அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

போட்டோஷாப்புக்குக் கொண்டுபோனேன்.
பென் டூலில் புள்ளி வைத்து வைத்து
நரைத்த கிருதாவைச் சுற்றி வந்தேன்.
வலது காதை நகலெடுத்து, திருப்பி, இடதில் ஒட்டினேன்.
அதுவரை பேசாமல் இருந்தவன் கேட்டான்:
"கண்ணத் தொறந்து விட முடியுமாக்கா?"

ஸ்டூலைச் சுவரோரம் போட்டேன்.
"உக்காரு. நேராப் பாரு. அழுகாத, அஞ்சு நிமிசம்."

அவன் கண்ணை எடுத்தேன்.
இமையோரம் சுருக்கம், வெள்ளை விழிக்குக் கொஞ்சம் மஞ்சள்,
கருவிழியைச் சுற்றி வயசுக்கு ஒரு சாம்பல் வளையம்.
சிவப்பு மட்டும் அவனுடையது.
குறைக்கவில்லை.

குத்துவிளக்கும் சம்பங்கி மாலையும் இல்லஸ்ட்ரேட்டரில் இருக்கின்றன.
எத்தனை அடிக்கு இழுத்தாலும் இதழ் உடையாது.
எத்தனை கழுத்துக்குப் போட்டிருப்பேன்
அதே மாலையை.

எழுத்துக்குக் கோரல். எங்கள் கடையில் இருப்பது பழசு.
வாட்சப்பில் தவசி அனுப்பிய பெயரை ஒட்டினால்
சோ-வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் ச திகைத்து நிற்கிறது.
பழைய கீபோர்டுக்கு மாறி
ஒவ்வொரு எழுத்தாக அவரைத் திரும்ப அடித்தேன்.
கன்ட்ரோல் க்யூ.
இனி அது பெயரல்ல, வெறும் வளைகோடு.
எந்த மிஷினுக்குப் போனாலும் சிதறாது.

திரையில் தெரிகிற நீலம் மையில் வராது.
முன்கூட்டியே கொஞ்சம் கறுப்பேற்றி அனுப்பினேன்.
மைதீன் மிஷினைக் கிளப்பினான்.
முதலில் முடி, பிறகு நெற்றி, பிறகு அந்தக் கண்.
தவசி எழுந்து நின்றுவிட்டான்.

"பிரிண்ட் போனதும் பைலை அழிச்சிரு" என்பார் முதலாளி.
ஹார்ட் டிஸ்க் அவர் காசு.
நான் அழிக்கிறது கிடையாது.
எதையும் எதோடும் ஒட்டிவிடாமல், லேயர் லேயராக,
ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து ஒளித்துக்கொள்வேன்.

பதினாறாம் நாளுக்கு இரண்டு நாள் முந்தி
இருளாயி வந்தார், சட்டம் போட்ட படம் ஒன்று வேண்டும் என்று.
"பேனர்ல அவரு என்னையப் பாக்கலம்மா.
எம் மகந்தான் பாக்குறான்.
மூணு மணிக்கு எந்திரிச்சு மூட்டைக்குப் போன மனுசன்,
கண்ண மூடிக்கிட்டே இருக்கட்டும்."

பைலைத் திறந்தேன்.
வலது ஓரத்துப் பட்டியலில்
ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் உண்டு.
"தவசி கண்" என்று எழுதியிருந்த வரியில்
அதை ஒரு தட்டு.
மூடிக்கொண்டார்.

இருளாயி திரைக்குக் கிட்டே வந்து ரொம்ப நேரம் பார்த்தார்.
இடது பக்கம் விரலால் தொட்டார்.
"இதுதான் அவரு. காதெல்லாம் அப்படியே."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பில்லில் எழுதினேன்:
பன்னிரண்டுக்குப் பதினாறு, மேட் பேப்பர், ஒன்று.