இடது கை

பிரிந்தபோது சொத்தென்று இருந்தவை இரண்டு:
கீபோர்டு ஸ்வெட்லினுக்கு,
கணினி எனக்கு.
பதினோரு வருடச் சண்டையை
நடுவில் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுத்த மாதிரி.

நான் சொல்வேன்:
உன் பெட்டிக்குள் இருப்பவன் ஒரே டிரம்மர்,
கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும்
அதே சட்டையில் வருகிறான்.
அவன் சொல்வான்:
உன் பாட்டு மூன்று நிமிடம் நாற்பது விநாடி.
மணப்பெண் அதற்குப் பிறகும் ஆடினால்
மௌஸை வைத்து என்ன செய்வாய்?

நான்கு வருடம் பேச்சில்லை.
செப்டம்பரில் ஒரு அழைப்பு.
பிளம் மரத்திலிருந்து விழுந்திருக்கிறான்,
மணிக்கட்டில் மாவுக்கட்டு.
"வலது கை என்னிடம் இருக்கிறது, நெவேனா.
சனிக்கிழமை பெஷ்டெராவில் கல்யாணம்.
ஒரு இடது கை வேண்டும்."
சம்பளத்தில் பாதி என்றான்.
மூன்றில் இரண்டு என்றேன்.

ஒரு கீபோர்டுக்கு இரண்டு பேர்.
தோள் இடிக்கிறது. ஷேவிங் தைலம் மாறவில்லை.
நான் கார்ட் பிடித்தால் உள்ளே பேஸ் நடக்கும்,
டிரம் நடக்கும், கிட்டார் நடக்கும்,
விரலை நான் மாற்றும்வரை
அத்தனை பேரும் ஏ மைனரிலேயே நிற்பார்கள்.
இத்தனை பேர் என்னை நம்பி நின்றதில்லை.

வீட்டில் நான் கட்டம் எண்ணுகிறவள்.
எட்டாவது கட்டம் முடிந்ததும் மாற்றினேன்.
"இப்போது இல்லை" என்றான்.
எப்போது?
"கிரோவின் தொண்டையைப் பார்."
கிளாரினெட்காரன் மூச்சை இழுக்கிற இடத்தில்
குரல்வளை ஒரு தரம் ஏறி இறங்கியது.
அதுதான் கட்டத்தின் கோடு.

நள்ளிரவு தாண்டியதும் ராச்செனிட்சா கேட்டார்கள்.
குட்டை, குட்டை, நெட்டை.
இரண்டு, இரண்டு, மூன்று.
கைக்குட்டைகள் எழுந்தன.
மாமனார் ஒரு ஐம்பது லெவா தாளை எச்சில் தொட்டு
ஸ்வெட்லினின் நெற்றியில் ஒட்டினார்,
அது நழுவி
நான் பார்த்துக்கொண்டிருந்த பொத்தான்களின் மேல் விழுந்தது.
ஃபில் என்று நினைத்து அழுத்தினேன்.
அது முடிவு.

டிரம் அழகாக உருண்டது, சிம்பல் ஒன்று,
பிறகு ஒன்றுமில்லை.
நூற்று நாற்பது பேர்
ஒற்றைக் காலைத் தூக்கியபடி.

என் அறையில் இதற்கு இரண்டு விசை போதும்.
நடந்தது நடக்காததாகிவிடும்.
என் விரல்கள் உண்மையாகவே காற்றில்
அந்த இரண்டு விசைகளைத் தேடின.

பக்கத்தில் ஒரு சத்தம்.
மாவுக்கட்டால் மேடைப் பலகையை அறைந்தான்.
குட்டை, குட்டை, நெட்டை.
இன்னொரு தரம்.
தூக்கிய கால்கள் அதன்மேல் இறங்கின.
கிரோ கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தான்.
பெட்டிக்குள்ளிருந்த டிரம்மருக்கு
அன்றுதான் முதல் ஓய்வு.
மாவு உதிர்ந்து என் கருப்புச் செருப்பெல்லாம் வெள்ளை.
வலிக்கவில்லையா என்று கேட்டேன்.
கேட்கவில்லை அவனுக்கு,
அல்லது வலித்தது.

வேகம் நூற்று முப்பத்தெட்டில் நின்றிருந்தது.
இவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.
பொத்தானைத் தட்டித் தட்டி அவர்களைத் துரத்தினேன்,
நூற்று ஐம்பத்தொன்றில் பிடித்தேன்,
ஏ மைனரை வைத்தேன்,
எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

திங்கட்கிழமை அந்த இரவின் பதிவை
பென் டிரைவில் அனுப்பியிருந்தான், பணத்தோடு.
திரையில் விரித்தேன்.
அவன் சுரங்கள் எப்போதும் கோட்டுக்குச் சற்று முன்னால்.
என்னுடையவை சற்றுப் பின்னால்.
சராசரி பார்த்தேன்: நடுவே முப்பத்தொரு டிக்.
எல்லாவற்றையும் கோட்டுக்கு இழுத்துக் கேட்டேன்.
நன்றாகத்தான் இருந்தது,
சண்டைக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டேன்.

ராச்செனிட்சா நடுவில் மட்டும்
இரண்டு நிமிடம் நாற்பது விநாடிக்கு
வெறும் வெள்ளை.
பலகையும் மாவுக்கட்டும் கிரோவின் மூச்சும்
எந்தக் கம்பி வழியாகவும் உள்ளே போகவில்லை.
அதை வெட்டி இரண்டு முனைகளையும் ஒட்டலாம்.
மௌஸ் அங்கேதான் நிற்கிறது.

தொலைபேசியில் அவன்:
"கட்டு இன்னும் மூன்று வாரம் இருக்கும்."
மாவு பூசிய செருப்பு கதவருகே.
"நான்கில் மூன்று" என்றேன்.