உப்புப் பார்க்கிறவன்

நேற்றிரவு எட்டு மணிக்கு வாயைக் கட்டினேன்.
இன்று பகல் பன்னிரண்டுக்குத்தான் அவிழ்ப்பேன்.
இடையில் பச்சைத் தண்ணீர்,
பாலும் சர்க்கரையும் சேராத கடுங்காப்பி,
செல்போனில் ஒரு வட்டம்
கொஞ்சம் கொஞ்சமாய் நிறைவதைப் பார்ப்பது.

மணி நாலரை.
பள்ளத்தூரில் ஒரு வீட்டின் இரண்டாங்கட்டில்
ஆறு அடுப்பு எரிகிறது.
அறுபதாம் கல்யாணம். எழுநூறு இலை.
ஆயுள் நீள வேண்டி வீட்டார் வைக்கும் விருந்துக்கு
ஆயுள் நீளப் பட்டினி கிடக்கும் நான்
சமையல் காண்டிராக்டர்.

வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் விழுந்து
உப்பி, தானே புரண்டு படுக்கிறது.
கந்தரப்பத்தின் வெல்ல வாசம்
கழுத்துவரை வந்து
உள்ளே விடச் சொல்லி நிற்கிறது.

அடைக்கலம் கரண்டியில் சாம்பாரை நீட்டுகிறான்.
முப்பது வருஷப் பழக்கம்,
என் உள்ளங்கை தானாய்க் குழிகிறது.
ஒரு சொட்டு.
ஒரு சொட்டுக்கு எத்தனை கலோரி?
நாக்கில் பட்டால் கணக்கு உடையுமா,
தொண்டையில் இறங்கினால்தானா?
எலிகளுக்கு அரை வயிற்றுக்குப் போட்டு
ஆயுளை அளந்தவர்கள்
எந்த எலியையும்
சமையல்காரனாய் வைத்திருக்க மாட்டார்கள்.

"நீயே பாரு" என்றேன்.
புகையிலையில் ஊறிய நாக்கு அவனுக்கு.
"சரியாத்தான் இருக்கு" என்றான்.
கடலை அள்ளி நீட்டியிருந்தாலும்
அதையேதான் சொல்லியிருப்பான்.

அப்பாவுக்கு அப்போது ஐம்பத்து நாலு.
புதுவயல் கல்யாணத்தில்
கடைசிப் பந்தியும் எழுந்தபிறகு உட்கார்ந்தவர்
சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்த கையோடு
சாய்ந்துவிட்டார்.
எனக்கு வருகிற தையில் ஐம்பத்து நாலு.
இவ்வளவுதான் காரணம்.
மற்றதெல்லாம் டாக்டரிடம் சொன்னது.

பஞ்சவர்ணத்திடம் சொல்லவில்லை.
அவளுக்கு வெள்ளிக்கிழமை உண்டு, கிருத்திகை உண்டு,
ஐப்பசியில் சஷ்டி ஆறு நாளும் உண்டு.
இருபத்தெட்டு வருஷம், எல்லாம் என் பேருக்கு.
அவள் பட்டினிக்கு எந்தப் போனும்
வட்டம் போட்டதில்லை.
நான் காலைத் தட்டைத் தள்ளிய முதல் நாள்
"யாருக்கு வேண்டி?" என்று கேட்டாள்.
வயிற்றுப் பொருமல் என்றேன்.

ஏழு மாதம். பதினோரு கிலோ.
சட்டை என்னை விட்டுத் தள்ளி நிற்கிறது.
கை லேசாய் நடுங்குகிறது. ஆனால் மூக்கு
இருபது வயசுக்குத் திரும்பிவிட்டது:
மூன்றாம் அடுப்பில் கடுகு தீய்வதை
தேங்காய் துருவும் இடத்திலிருந்தே சொல்கிறேன்.
விட்ட காலைச் சாப்பாடு இருநூற்றுப் பத்து.
அத்தனை நாளும் கடைசியில் கூடி வருமென்றால்
அந்த நாட்களிலாவது
விடிந்ததும் இட்லி உண்டா?
அல்லது அவையும்
பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்குமா?

பத்து மணி. கலசநீர் ஊற்றிய ஈரத்தோடு
கல்யாண மாப்பிள்ளை வயிரவன் செட்டியார்
பின்கட்டுக் குழாயடிக்கு வந்தார்.
"பந்தி ஓடுதே, நீங்க உக்காரலையா?"
சுற்றும் முற்றும் பார்த்தார்.
மடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினார்.
அதே வட்டம்,
என்னுடையதைவிட ஒரு விரற்கடை பின்னால்.
"எனக்கு ரெண்டு மணி."
"எனக்குப் பன்னெண்டு."
ஆளுக்கொரு செம்பு தண்ணீர் குடித்தோம்.
முன்கட்டில் மூன்றாம் பந்தி
அவருடைய ஆயுளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

போகிறவர் திரும்பினார்:
"சாம்பார்ல உப்பு தூக்கலுன்னு அங்க பேச்சு."

வட்டம் மூடிக்கொண்டது. போன் ஒருமுறை அதிர்ந்தது.
அண்டாவின் அடியில் கிடந்ததை
உள்ளங்கையில் வார்த்து நக்கினேன்.
தூக்கல்தான்.
முப்பது வருஷத்தில் முதல் தடவை.

அடைக்கலம் எனக்கு இலை போட்டான்.
சோறு வைத்தான். ரசத்துக்குக் குழி பறித்தேன்.
பறித்த கை அப்படியே நின்றது.
அவன் வாளியோடு குனிந்தபடி
என் முகத்தையே பார்த்தான்.

"ஊத்துடா" என்றேன்.